அடுத்த பெருந்தொற்றுத் திட்டத்தில் பிள்ளைகளுக்கு ஓர் இடத்தையும் எழுதுங்கள்

பெருந்தொற்றுக் கால நகரத் திட்டங்களை எழுதும் சுகாதார, கல்வி, நகராட்சித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2025 மே 20 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டன. அடுத்த தொற்று வந்தால் யார் என்ன செய்வது என்று ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பெருநகரமும் எழுதி, திருத்தி வைத்துக்கொள்ள வேண்டிய காலம் இது. தடுப்பூசி, ஆக்ஸிஜன், படுக்கை, பரிசோதனைக் கூடம் பற்றியெல்லாம் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது நெரிசலான நகரக் குடியிருப்புகளில், ஒற்றை அறை வீடுகளில் வாழும் 13 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றி மட்டும். போன முறை, கோவிட் காலத்தில், பதின்ம வயதினரின் மனநலத்துக்கென்று நடந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை, தனி அறையும் தனி போனும் உள்ள பிள்ளைக்குத்தான் உதவின. மற்றவர்கள் விடுபட்டுப் போனார்கள். அடுத்த முறையும் அப்படி நடக்கக் கூடாது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்கள் நெருக்கமாக வாழும் ஒவ்வொரு பகுதியிலும், பிள்ளைகள் நடந்தே வந்துபோகும் தூரத்தில், ஓர் இடம் ஊரடங்கிலும் திறந்திருக்க வேண்டும். பள்ளி மைதானமோ, நூலகமோ, சமுதாயக் கூடமோ, எதுவானாலும் சரி. பதின்ம வயதினர் சிறு சிறு குழுவாக முறைவைத்து வரட்டும். காது கொடுத்துக் கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே இருக்கட்டும். மருந்துக்கடைக்கும் ஆம்புலன்ஸுக்கும் கிடைக்கிற அதே அத்தியாவசிய அனுமதி இந்த இடத்துக்கும் வேண்டும்.

இடம் எதற்கு, ஓர் உதவி எண் போதாதா என்று கேட்பீர்கள். 2020-இல் ஊரடங்குகள் தொடங்கியதும் பல நாடுகளில் உதவி எண்கள் வந்தன. நல்ல எண்ணத்தில் வந்தவைதான். அவற்றில் ஒன்றில் நானும் தன்னார்வலராக உட்கார்ந்தேன். ஒரு மாலை ஒரு பெண் பிள்ளை அழைத்தாள். பதினைந்து வயது என்றாள். அதற்கப்புறம் என்ன கேட்டாலும் “ம்”, “இல்ல”, “சரி” என்று ஒற்றைச் சொல்தான். பின்னால் டிவி ஓடியது, ஒரு கைக்குழந்தை அழுதது, யாரோ பாத்திரம் கழுவினார்கள். “பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களா? பேச முடியவில்லையா?” என்றேன். “ஆமா டீச்சர்” என்றாள். நான் டீச்சர் இல்லை. பாட சம்பந்தமாகப் பேசுவது போல வீட்டாரிடம் காட்டிக்கொள்கிறாள் என்று புரிந்தது. அதன்பிறகு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகவே கேட்டேன். ராத்திரி தூக்கம் வருகிறதா? “இல்ல டீச்சர்.” சாப்பிடப் பிடிக்கிறதா? “இல்ல டீச்சர்.” வீட்டில் யாரையாவது பார்த்தால் பயமாக இருக்கிறதா? பதிலே இல்லை. அதற்குள் ஓர் ஆண் குரல் போனைக் கேட்டது, இணைப்பு அறுந்தது. நாங்களாகத் திரும்ப அழைக்கக் கூடாது என்பது விதி. அழைத்தால் போன் யார் கையில் இருக்கும் என்று தெரியாது அல்லவா? பதிவேட்டில் ‘அழைத்தவரே துண்டித்தார்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் குறித்தேன். அவளுக்குப் பொருத்தமான கட்டம் எதுவும் அதில் இல்லை.

இப்படிப்பட்ட அழைப்பு அபூர்வம் இல்லை. கழிப்பறைக்குள் இருந்து கிசுகிசுத்தவர்கள் உண்டு. படிக்கட்டுக்கு அடியில் நின்று பேசியவர்கள் உண்டு. தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் கூப்பிட்டு, முறை வந்ததும் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. பேலன்ஸ் தீர்ந்து பாதியில் காணாமல் போனவர்கள்தான் அதிகம். இத்தனைக்கும் இவர்கள் எப்படியோ கூப்பிட வழி கண்டுபிடித்தவர்கள். அம்மாவைப் பற்றி, அப்பாவைப் பற்றி, அண்ணனைப் பற்றி ஒரு பிள்ளை மனம்விட்டுச் சொல்ல வேண்டுமானால், அவர்கள் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இது சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் போனில் நடக்கும் ஆலோசனை முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது.

போனே இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிகள் மூடியபோது தொலைவழிக் கல்வி எந்த வடிவத்திலும் எட்டாத பிள்ளைகள் குறைந்தது 46 கோடியே 30 லட்சம் பேர் என்று ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் 2020 ஆகஸ்டில் கணக்குச் சொன்னது. 3 முதல் 17 வயது வரையிலானவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 130 கோடிப் பேர், வீட்டில் இணைய இணைப்பு இல்லாதவர்கள் என்று அதே ஆண்டு டிசம்பரில் சொன்னது. வகுப்பே எட்டாத பிள்ளைக்கு வீடியோவில் ஆலோசகர் எப்படி எட்டுவார்? இருக்கிற ஒரே போனிலும் அப்பாவுக்கு வேலைக்கான அழைப்பு வர வேண்டும், தம்பி பாடம் கேட்க வேண்டும், அதில் மிச்சமிருக்கும் நேரம்தான் மூத்த பிள்ளைக்கு.

பள்ளி திறந்திருந்தவரை இந்தப் பிள்ளைகளுக்கு நாளில் ஆறேழு மணி நேரமாவது வீட்டுக்கு வெளியே கிடைத்தது. பள்ளி என்றதும் நமக்குப் பாடம், தேர்வு, மதிப்பெண் என்றுதான் தோன்றுகிறது. ஏழைப் பிள்ளைக்கு அதுதான் நண்பர்கள் இருக்கும் இடம், ஒரு வேளைச் சாப்பாடு நிச்சயமாகக் கிடைக்கும் இடம். “முகம் வாடியிருக்கே, என்ன ஆச்சு?” என்று கேட்கக்கூடிய, குடும்பத்தைச் சேராத ஒரு பெரியவர் இருக்கும் இடமும் அதுதான். 2020 ஏப்ரலில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களுக்கு இது ஒரேயடியாக நின்றது. பள்ளியில் உணவு கிடைக்காமல் போன குழந்தைகள் 37 கோடிப் பேர் என்று உலக உணவுத் திட்டம் சொன்னது. முதல் சில வாரங்கள் மூடியதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அது மாதக்கணக்கில் நீண்டதுதான் பிரச்சினை. 2021 மார்ச்சில் பார்த்தால், 16 கோடியே 80 லட்சம் குழந்தைகளுக்குப் பள்ளி கிட்டத்தட்ட ஓராண்டாக முழுமையாக மூடிக்கிடந்தது. உகாண்டாவில் பள்ளிகள் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில்.

பள்ளி மூடியிருந்தாலும் தெருவாவது இருக்கிறதே என்றால், அதுவும் பல இடங்களில் இல்லை. துருக்கியில் 2020 ஏப்ரல் 3 முதல் 20 வயதுக்குக் கீழ் இருந்தவர்கள் வெளியே வரவே தடை. ஸ்பெயினில் குழந்தைகள் ஆறு வாரம் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தார்கள், ஏப்ரல் 26 அன்றுதான் வெளியே வர முதல் அனுமதி கிடைத்தது. தோட்டமும் மொட்டைமாடியும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும், ஆறு பேர் ஓர் அறையில் படுத்துறங்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே உத்தரவு. வெளியே வந்து முச்சந்தியில் நின்ற பையன்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று திட்டினோம். வீட்டுக்குள் அவன் நிற்க எங்கே இடம் இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

நண்பர்களோடு இருப்பது இந்த வயதில் வெறும் பொழுதுபோக்கு இல்லை. வளரிளம் பருவத்தில் மூளையும் மனமும் வளர்வதற்குச் சமவயதினரின் நேரடித் தொடர்பு எவ்வளவு அவசியம், அது அறுந்தால் என்ன ஆகலாம் என்று ஏமி ஓர்பன், லிவியா டொமோவா, சேரா-ஜேன் பிளேக்மோர் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 2020-லேயே எழுதி எச்சரித்தார்கள். மனநோய்கள் தொடங்கும் வயதும் இதுதான். 2021-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் 14 வயதுக்குள்ளும், ஏறக்குறைய பாதி 18 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன. அதே ஆண்டு ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் 29 ஆய்வுகளை, 80,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவல்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நான்கில் ஒருவருக்கு மருத்துவக் கவனம் தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு அறிகுறிகள். ஐந்தில் ஒருவருக்குப் பதற்றம்.

இந்த எண்களிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்த நாட்களின் ஆய்வுகளில் பலவும் இணையம் வழியே நடந்தவை. போன், டேட்டா, படிவத்தை நிரப்பத் தனிமை, இந்த மூன்றும் இருந்தவர்கள் பதில் சொன்னார்கள். ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன அந்தப் பெண் எந்த ஆய்விலும் இருந்திருக்க மாட்டாள். ஆகவே இந்தச் சராசரிகளைக் காட்டி ‘நம் பகுதியில் அவ்வளவு இல்லை’ என்று யாராவது சொன்னால், யாரிடம் கேட்டீர்கள் என்று தயவுசெய்து திருப்பிக் கேளுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் நோயாளி ஆகிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பள்ளியில் கேலிக்கும் அடிக்கும் ஆளான சிலருக்கு மூடிய பள்ளி நிம்மதியாகவும் இருந்தது. பயமும் சலிப்பும் அந்தச் சூழலில் வரத்தான் செய்யும், அதற்கெல்லாம் மாத்திரை வேண்டாம். ஆனால் ஏழைக் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் மனச்சோர்வு மனச்சோர்வாகவே நம் கண்ணில் படுவதில்லை. பையனாக இருந்தால் அது கோபமாக வரும். கதவை உதைக்கிறான், தம்பியை அடிக்கிறான், பகலெல்லாம் தூங்குகிறான், திமிர் பிடித்துவிட்டது என்கிறோம். பெண்ணாக இருந்தால் சத்தமே இருக்காது. சமைக்கிறாள், துவைக்கிறாள், சின்னவர்களைப் பார்த்துக்கொள்கிறாள், ரொம்பப் பொறுப்பான பெண் என்று பேர் வேறு வாங்குகிறாள். அவளுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

இந்த இடத்தில் குடும்பத்தின் பணக் கஷ்டத்தையும் பிள்ளையின் மனதையும் பிரித்துப் பேச முடியாது. அப்பாவின் தினக்கூலி நின்ற வாரத்திலேயே 16 வயதுப் பையன் ஏதாவது வேலை தேடிக் கிளம்புகிறான். வீட்டுக்குப் பணம் கொண்டுவரத் தொடங்கியபின் அவனைத் திரும்பப் புத்தகப் பை மாட்டிக்கொள்ளச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. அவனுக்கும் வகுப்பில் போய் உட்காரக் கூச்சமாகிவிடுகிறது. தொற்று பரவும் முன்பே, 2020 தொடக்கத்தில், உலகில் 16 கோடிக் குழந்தைகள் உழைப்பில் இருந்தார்கள் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் (ஐஎல்ஓ) யுனிசெஃபும் சேர்ந்து சொன்ன கணக்கு. பெண்களுக்கு வேறொரு வழி காட்டப்பட்டது. பெருந்தொற்றின் விளைவாக 2030-க்குள் கூடுதலாக ஒரு கோடிச் சிறுமிகளுக்குத் திருமணம் நடக்கும் அபாயம் இருப்பதாக யுனிசெஃப் 2021 மார்ச்சில் எச்சரித்தது. பள்ளிக்குப் போகாத பெண்ணை வீட்டில் ‘சும்மா’ வைத்திருப்பதாக அக்கம்பக்கம் பேசத் தொடங்கினால் போதும், அப்புறம் மாப்பிள்ளை பார்ப்பதுதான் பாக்கி. அதனால் நகரத் திட்டத்தில் வீட்டுக்கு நேரடியாகப் பணம் போய்ச் சேரும் ஏற்பாடு இல்லாமல், மனநல அத்தியாயம் என்று தனியாக எழுதி எந்தப் பயனும் இல்லை.

இறப்பையும் சொல்லாமல் விட முடியாது. 2021 ஏப்ரல் முடிவதற்குள் தாயையோ தந்தையையோ, உடன் வாழ்ந்து பார்த்துக்கொண்ட தாத்தா பாட்டியையோ இழந்த குழந்தைகள் 15 லட்சத்துக்கும் மேல் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பலர் கடைசியாக முகம் பார்க்கவில்லை, சடங்கில் நிற்கவில்லை. நெரிசலான வீட்டில் மூத்த பிள்ளை அழுவதற்குக்கூட இடமில்லை. அது அழுதால் சின்னவர்கள் பயந்துவிடுவார்கள்.

சரி, என்ன செய்யலாம்? இதற்கான வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில், எம்பாரே என்ற ஏழைக் குடியிருப்பில், 2006-இல் டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவர் ‘நட்பு பெஞ்சு’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே, திறந்தவெளியில் ஒரு மரப் பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற பாட்டிமார் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு நீயே என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்கிறார்கள். இது பெரியவர்களுக்கென்று தொடங்கியதுதான். 2016-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த சோதனையின்படி, ஆறு மாதத்துக்குப் பிறகு அப்படிப் பேசியவர்களுக்கு அறிகுறிகள் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. பதின்ம வயதினருக்கும் சான்று உண்டு. கென்யாவில் ஷமிரி என்ற நான்கு வார நிகழ்ச்சியை, பள்ளிப் படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளைஞர்கள் சிறு குழுக்களாக நடத்தினார்கள். மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. டெல்லியின் அரசுப் பள்ளிகளில் சங்கத் என்ற மனநலத் தொண்டு அமைப்பினர், மனநலப் பட்டம் இல்லாத ஆலோசகர்களைக் கொண்டு பிரச்சினைகளைத் தீர்க்கப் பழக்கும் சிறு அமர்வுகளை நடத்திப் பயன் கண்டார்கள்.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஓர் இடமும், நேரில் இருக்கும் ஒரு மனிதரும். விலை உயர்ந்தது எதுவும் இல்லை. மருத்துவர் பற்றாக்குறை என்ற காரணமும் இங்கே எடுபடாது.

அந்த மனிதர் யார் என்பதில் தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். ஆசிரியர் தலையிலேயே இதையும் கட்டிவிடாதீர்கள். பீகாரில் 74 பள்ளிகளில் நடந்த சேஹர் என்ற பள்ளி நலத் திட்ட ஆய்வில், இதற்கென்றே அமர்த்தப்பட்ட ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் நல்ல மாற்றம் தெரிந்தது, ஆசிரியரே கூடுதல் வேலையாகச் செய்த பள்ளிகளில் தெரியவில்லை. அதே குடியிருப்பில் வளர்ந்த, இருபதுகளில் இருக்கும் இளைஞர்களையும் இளம்பெண்களையும் இப்போதே தேர்ந்தெடுங்கள். தொற்று இல்லாத காலத்திலேயே பயிற்சி கொடுங்கள். தன்னார்வலர் என்று பெயர் சூட்டி இலவசமாக வேலை வாங்காமல் சம்பளம் கொடுங்கள். அவர்களுக்கு மேலே ஆலோசனை சொல்ல ஓர் உளவியலாளரும், உயிருக்கு ஆபத்தான நிலையில் ஒரு பிள்ளை வந்தால் அன்றைக்கே அழைத்துப் போக ஒரு மருத்துவமனை வழியும் எழுத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் இளைஞர்களை அனுப்பினால் அவர்களையும் சேர்த்து நொறுக்கிவிடுவோம்.

தொற்று பரவாதா என்ற கேள்வி நியாயமானது. புதிய கிருமி ஒன்று எப்படிப் பரவுகிறது என்று தெரியும்வரை, முதல் சில வாரங்கள் இந்த இடமும் மூடியிருக்கத்தான் வேண்டும். அந்த மூடலுக்கு ஒரு முடிவு நாளைத் திட்டத்திலேயே எழுதுங்கள், நீட்டிக்க வேண்டுமானால் காரணம் சொல்லி நீட்டியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கோவிட் போல மூச்சுக்காற்றில் பரவும் தொற்றுக்குத் திறந்தவெளி மூடிய அறையைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது என்பது நமக்கு இப்போது தெரியும். மைதானத்தில் தள்ளித் தள்ளி உட்காரும் எட்டுப் பிள்ளைகளைவிட, காற்றோட்டமில்லாத ஓர் அறையில் நாள் முழுக்கச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்குத்தான் ஆபத்து அதிகம்.

திறந்து வைத்தால் மட்டும் வந்துவிட மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, அத்தியாவசியப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் நலிந்த நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் கதவு திறந்தே இருந்தது. நல்ல முடிவு. ஆனால் முதல் வாரங்களில் அந்த நலிந்த பிள்ளைகளில் வந்தவர்கள் மிகக் குறைவு. ‘பிரச்சினை உள்ளவர்கள் வரும் இடம்’ என்று பெயர் விழுந்தால் எந்தப் பிள்ளை வரும்? ஆகவே அங்கே படிக்க இடம், சார்ஜ் போட வசதி, ஒரு பந்து, சாப்பாடு எல்லாம் இருக்கட்டும். எல்லாப் பிள்ளைகளும் வரட்டும். பேச வேண்டியவள் அவர்களோடு கலந்து வந்து பேசிவிட்டுப் போவாள். மாலையில் அவள் எங்கே போனாள் என்று வீட்டில் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலும் இருக்கும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளிடம் கேட்டது. தங்கள் கோவிட் திட்டத்தில் மனநலமும் இருக்கிறது என்று 89 சதவீத நாடுகள் சொன்னன. அதற்குத் தேவையான கூடுதல் நிதி முழுமையாக இருந்தது 17 சதவீத நாடுகளில்தான். அதே கணக்கெடுப்பில், குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஆன மனநலச் சேவைகள் தடைபட்டதாக 72 சதவீத நாடுகள் சொன்னன. அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடுவதில் மனநலத்துக்குப் போவது சராசரியாக 2 சதவீதம்தான். காகிதத்தில் ‘மனநலம்’ என்று எழுதுவது எல்லோருக்கும் வருகிறது. உங்கள் திட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு தொகையும், அதைச் செலவழிக்க ஒரு பொறுப்பாளரின் பதவியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திட்டத்தின் வரைவு கையெழுத்துக்குப் போகும் முன், ஒற்றை அறை வீடுகளில் வாழும் பத்துப் பதின்ம வயதினரை அழையுங்கள். 2020-இல் பத்து, பன்னிரண்டு வயதில் இருந்தவர்கள் இன்று அதைத் தெளிவாகச் சொல்லும் வயதில் இருக்கிறார்கள். பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும், இரண்டு மூன்று பேராவது படிப்பை விட்டு வேலைக்குப் போனவர்களாக இருக்கட்டும். வரும் நாளுக்கான கூலியை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் இல்லாத இடத்தில் உட்கார வைத்து, வரைவை அவர்களுக்குப் புரியும்படி படித்துக் காட்டுங்கள். எந்த இடம் திறந்திருந்தால் வந்திருப்பீர்கள், யார் இருந்தால் பேசியிருப்பீர்கள், என்ன பயத்தில் வராமல் இருந்திருப்பீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு, வரைவில் எதை மாற்றினீர்கள், எதை மாற்றவில்லை, ஏன் என்று அவர்களுக்கே ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஊரடங்கு மாதங்களில் உதவி எண்ணில் பேசிய ஒரு தன்னார்வலர்